காட்டுக்கு இந்தப் பக்கமே தங்கு

மோட்டார் சைக்கிள் பயணம் என்றால் வண்டியைப் பற்றிப் பேசுவார்கள், மலையைப் பற்றிப் பேசுவார்கள், நனைந்த மழையைப் பற்றிப் பேசுவார்கள். கிளம்புவதற்கு முன் ஒரு தாளில் போட்ட திட்டத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஊர்ப்புறச் சாலைகளிலும் காட்டுப் பாதைகளிலும் நான்கு நாள் ஓட்டுகிறவனின் கைத்திறன் முதலில் தெரிவது அந்தத் தாளில்தான். அந்தத் திறனுக்கு அளவுகோல் பகல் வெளிச்சம். கிலோமீட்டர் கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

ஆனைமலையைச் சுற்றிவரும் வட்டத்தை எடுத்துக்கொள்வோம். பொள்ளாச்சியில் கிளம்பி ஆழியாறு வழியாக வால்பாறை. அங்கிருந்து மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி வழியாகச் சாலக்குடி. பிறகு கோதமங்கலம், அடிமாலி வழியாக மூணாறு. கடைசியில் மறையூர், சின்னாறு வழியாக இறங்கி உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 400 கி.மீ. நாற்கரச் சாலையில் ஒரே பகலில் முடிந்துவிடும் தூரம். இங்கே அதற்கு நான்கு பகலை ஒதுக்குவதுதான் நியாயம். ஆழியாறு அணையைத் தாண்டியதும் தொடங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது, மூன்றாவது கியருக்கு மேல் அதிகம் வேலையில்லை. ஏறிவரும் பஸ்ஸுக்கு முழு வளைவும் வேண்டும். அது திரும்பி முடிக்கும்வரை ஓரத்தில் காத்திருக்க வேண்டும். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ. கீழே அணைநீர் விரிந்து கிடக்கும், வரையாடுகள் சாலையோரத்திலேயே மேயும். அங்கே நிற்காமல் போகிறவன் எதற்காக இந்தச் சாலைக்கு வந்தான்? ஆக, பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு உள்ள 65 கி.மீ.க்கு ஒரு முழு முற்பகலை எழுதிவைப்பவன் தாராளம் காட்டவில்லை. சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறான்.

திட்டத்தின் அழகு தங்குமிடத் தேர்வில்தான் முழுதாகத் தெரியும். வால்பாறைக்கு அப்பால் அதிரப்பள்ளி வரை செல்லும் காட்டுப் பாதையில் சோதனைச் சாவடிகள் பகலில் மட்டும் வழிவிடும். சின்னாறு வழிச் சாலையும் இருட்டிய பிறகு ஓட்டத்தக்கது அல்ல. யானைக்கு அது வீட்டு முற்றம். எனவே காட்டைத் தாண்டிப் போய்த் தங்கலாம் என்று நினைக்கக்கூடாது, காட்டுக்கு இந்தப் பக்கமே தங்க வேண்டும். முதல் இரவு வால்பாறையில். அங்கேயே டேங்கை நிரப்பிக்கொண்டால் மறுநாள் காலைச் சாவடியில் முதல் ஆட்களில் ஒருவராக நிற்கலாம், சோலையாறு அணையையும் அவசரமில்லாமல் பார்க்கலாம். இரண்டாம் இரவு அதிரப்பள்ளிப் பக்கம், மூன்றாம் இரவு மூணாறில். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் மற்ற முடிவுகள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும்.

சுற்றும் திசையும் இப்படி யோசித்து எடுக்க வேண்டிய முடிவுதான். 2,695 மீட்டர் உயர ஆனைமுடி மேற்கிலிருந்து வரும் மழைமேகங்களை மறித்து நிற்கிறது. அதன் மழை மறைவில் சின்னாறு வறண்டு கிடக்கிறது. மூணாறிலிருந்து இறங்குகிறவன் அரை நாளுக்குள் தேயிலையையும், மறையூரின் சந்தனத்தையும் கரும்பையும், சின்னாற்று முட்புதரையும் அடுத்தடுத்துப் பார்த்துவிடுகிறான். முதல் நாள் ஆழியாற்று வெக்கையிலிருந்து ஈரத்துக்கு ஏறியவனுக்கு, கடைசி நாள் ஈரத்திலிருந்து வெக்கைக்கு இறங்கும்போது மலையின் மழைக்கணக்கு முழுதாகப் புரியும். 

திட்டம் போட்டால் சுதந்திரம் போய்விடும், வண்டியை எடுத்தோமா போனோமா என்று இருக்க வேண்டும் என்பார்கள். பங்க்கும் லாட்ஜும் ஊருக்கு ஊர் இருக்கும் நெடுஞ்சாலையில் அது சரி. ஆனால் இந்தக் காட்டுச் சாலைகளில், ஐந்து மணிக்கு மேல் எங்கே தங்குவது என்று தெரியாதவன் மூன்று மணிக்கே தேநீர்க்கடையில் உட்காரப் பயப்படுவான். இரவுக்கு இடம் உறுதியானவன்தான் நினைத்த இடத்தில் காலை நீட்டி உட்கார முடியும். கூகுள் மேப் இருக்க இதெல்லாம் எதற்கு என்றும் கேட்பார்கள். வேகமாகப் போய்ச் சேரும் வழியைத் தேடிக் கொடுப்பதுதான் அதன் வேலை. இந்தப் பயணத்துக்கு வேண்டியது தாமதமாகப் போய்ச் சேருவதற்கு ஏற்ற வழி.

இன்னொரு கேள்வி கொஞ்சம் கனமானது: யானை நடமாட்டமோ மண்சரிவோ காரணமாக மளுக்கப்பாறைப் பாதையில் இருசக்கர வண்டிகளை நிறுத்திவிட்டால் திட்டம் என்னாகும்? மட்டமான திட்டம் அங்கேயே உடைந்துவிடும். நல்ல திட்டத்தில் அதற்கும் ஒரு வரி இருக்கும்: வந்த வழியே இறங்கி, பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு என்று மூணாறுக்கு ஏறுவது. அதிரப்பள்ளி கைநழுவும், மூணாறு தப்பும். பழைய ஆட்கள் வண்டியிலும் இதையே செய்வார்கள். ஓடிக்கொண்டிருக்கும் கிளட்ச் கேபிளை ஒட்டியே புதுக் கேபிள் ஒன்றை ஹேண்டிலிலிருந்து எஞ்சின் வரை இழுத்து டேப் சுற்றி வைத்திருப்பார்கள். பழையது அறுந்தால் இரண்டு முனைகளை மாட்டினால் போதும்.

ஆகவே ஒருவர் தன் பயணத் திட்டத்தைக் காட்டினால் எத்தனை ஊர் போட்டிருக்கிறார் என்று எண்ண வேண்டாம். சூரியன் மறைய எவ்வளவு நேரம் இருக்கும்போது ஒவ்வொரு நாளும் வண்டியை நிறுத்துகிறார், எந்தெந்த ஊரைத் தெரிந்தே விட்டிருக்கிறார் என்று பாருங்கள். அந்த இரண்டிலும் அவர் தேறிவிட்டால் பின்சீட்டில் நம்பி ஏறலாம்.