மீடியாவிக்கியின் ‘விருப்பத்தேர்வுகள்’ பக்கம்: ஒரு விமர்சனம்

விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருள் மீடியாவிக்கி ஆகும். அதில் கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ‘விருப்பத்தேர்வுகள்’ என்றொரு பக்கம் உண்டு. இடைமுக மொழி, தோற்றம், நேர வலயம், தொகுப்புப் பெட்டி, கவனிப்புப் பட்டியல், மின்னஞ்சல் அறிவிப்பு முதலியவற்றை அவரவர் வசதிக்கேற்ப அங்கே மாற்றிக்கொள்ளலாம். தம் வலைச்செயலியில் இத்தகைய பக்கம் ஒன்றைச் சேர்க்க விரும்பும் மாணவருக்கு இது நல்ல பாடம். பின்பற்ற வேண்டியதும் தவிர்க்க வேண்டியதும் இதில் உள்ளன.

சேமிக்கும் முறை

தொடக்கத்தில் ஒரு பயனரின் அமைப்புகள் அனைத்தும் பயனர் அட்டவணையின் ஒரே புலத்தில் நீண்ட உரையாகச் சேமிக்கப்பட்டன. 2010இல் வெளிவந்த 1.16 பதிப்பு இதை மாற்றி, ‘யூசர் பிராப்பர்ட்டீஸ்’ என்னும் தனி அட்டவணையைக் கொண்டுவந்தது. எந்தப் பயனர், எந்த அமைப்பு, என்ன மதிப்பு என மூன்று செய்திகள் மட்டுமே ஒரு வரிசையில் இருக்கும். புதிய அமைப்பு ஒன்றைச் சேர்க்க அட்டவணையில் புதுப் புலம் வேண்டியதில்லை. நீட்சிகள் எழுதுவோரும் தங்கள் அமைப்புகளை இதே பக்கத்தில் இணைக்கலாம். இது இவ்வடிவமைப்பின் பெரிய பலம்.

இயல்பிருப்பின் சிக்கல்

பொதுவாக, இயல்பிருப்பிலிருந்து மாறுபட்ட மதிப்புகள் மட்டுமே இந்த அட்டவணையில் பதியப்படுகின்றன. இதனால் இடம் மிச்சமாகிறது. இயல்பிருப்பை மேம்படுத்தினால் பலன் உடனே பலரையும் சென்றடைகிறது. ஆனால் ஒருவர் பக்கத்தைத் திறந்து பார்த்து, ‘இருப்பதே எனக்குப் பிடித்திருக்கிறது’ என்று சேமித்தால் அந்த முடிவு பதிவாவதில்லை. பக்கத்தைத் திறந்தே பார்க்காதவரும் அவரும் தரவுத்தளத்துக்கு ஒன்றுதான்.

2023 சனவரியில் ஆங்கில விக்கிப்பீடியாவின் இயல்பான தோற்றம் ‘வெக்டர் 2022’ ஆனபோது இதன் விளைவு தெரிந்தது. ‘மோனோபுக்’ போன்ற வேறு தோற்றத்தை முன்பே தேர்ந்தவர்களுக்கு எதுவும் மாறவில்லை. பழைய இயல்பிருப்பை விரும்பியே வைத்திருந்தவர்கள் மாற்றப்பட்டார்கள்; அவர்கள் மீண்டும் அமைப்புப் பக்கத்துக்குப் போய்ப் பழையதைத் தேர வேண்டியிருந்தது. உரைப்பகுதி குறுகியது பலத்த விவாதத்துக்கு உள்ளானது. புகுபதிகை செய்யாத வாசகருக்கோ இந்தப் பக்கமே கிடையாது. அவர்களுக்காக அகலத்தை மாற்றும் பொத்தான் மட்டும் வைக்கப்பட்டது. கணக்கில்லாத வாசகரைப் பொறுத்தவரை, நிரலாளர் தேர்ந்த இயல்பிருப்பே அமைப்பு.

கேள்விகளின் சுமை

ஒவ்வொரு தேர்வுப்பெட்டியும் பயனரிடம் கேட்கப்படும் ஒரு கேள்வி. மீடியாவிக்கியில் நீட்சிகளும் கருவிகளும் சேரச் சேரக் கேள்விகள் பெருகியுள்ளன. புதியவர் ஒருவர் மொழியை மாற்ற வந்து, அண்மைய மாற்றங்களை எத்தனை நாளுக்குக் காட்டுவது என்ற கேள்வியின் முன் நிற்கிறார். எல்லா அமைப்புகளையும் இயல்பிருப்புக்கு மீட்கும் இணைப்பு தரப்பட்டிருப்பது ஓரளவு ஆறுதல்.

சில கேள்விகள் மொழியைப் பொறுத்தவை. பயனரைப் பற்றிக் கூறும்போது எந்தப் பாலால் குறிப்பது என்று ஓர் அமைப்பு கேட்கிறது. வினையும் பெயரும் பாலுக்கேற்ப மாறும் மொழிகளில் இது தேவை. ‘அவர்’, ‘செய்தார்’ என்று மரியாதைப் பன்மையால் எழுதும் தமிழ் இடைமுகத்தில் இதன் பயன் குறைவு. இந்த விடை பிறருக்கும் தெரியக்கூடியது. ஆகவே இதைக் கட்டாயமாக்காமல் விட்டதும், வெளிப்படையானது என்று அங்கேயே சொல்லியிருப்பதும் பாராட்டத்தக்கவை.

மாணவர் எடுத்துக்கொள்ள வேண்டியவை

கடவுச்சொல்லையும் மின்னஞ்சலையும் மாற்றுவதற்கு மீடியாவிக்கி தனிப் பக்கங்களை வைத்துள்ளது. எழுத்தளவை மாற்றுவதும் கணக்கின் திறவுகோலை மாற்றுவதும் ஒரே ‘சேமி’ பொத்தானில் அடங்கக் கூடாது. படிவத்திலிருந்து வரும் மதிப்புகளை வழங்கியில் சரிபார்ப்பதும், அறிந்த அமைப்புகளை மட்டும் ஏற்பதும், கோரிக்கை உண்மையிலேயே அப்பயனரிடமிருந்து வந்ததா என்று அடையாளக் குறியீட்டால் உறுதிசெய்வதும் அடிப்படை.

அதோடு ஒன்றைச் சேர்க்கலாம்: பயனர் தாமே தேர்ந்து சேமித்த முக்கிய அமைப்புகளை, அவை இயல்பிருப்போடு ஒத்திருந்தாலும், பதிந்து வையுங்கள். சில வரிசைகள் கூடும்; நாளை இயல்பிருப்பை மாற்றும்போது யாருடைய விருப்பத்தை மீறுகிறோம் என்பது தெரிந்திருக்கும்.