எத்தனை நாளாக மூச்சுத்திணறல்?

2020-21இல் தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறை அன்றாடம் வெளியிட்ட கொரோனா அறிக்கையை ஒரு பிரதியாகவே வாசிக்கிறேன். இறந்தவருக்குப் பெயரில்லை. வயது, பால், மாவட்டம், நீரிழிவு, ரத்த அழுத்தம். ரமணன் லட்சுமிநாராயண் குழு 2020இல் தமிழ்நாடு, ஆந்திரத் தரவுகளை ஆராய்ந்து, முதியவர்களுக்கும் ஆண்களுக்கும் இறப்பு அபாயம் அதிகம் என்றது. மறுக்கவில்லை. ஆனால் அறிக்கையில் இன்னொன்றும் உண்டு: எத்தனை நாளாகக் காய்ச்சல், எத்தனை நாளாக மூச்சுத்திணறல். பெண் என்று குறித்த வரிகளில் என் கண் அங்கேதான் நிற்கிறது. அத்தனை நாளும் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தார்? அதற்குக் கட்டமில்லை. கோவளத்தில் எனக்கு மீன் தரும் அக்கா, காய்ச்சலோடு ஐந்து பேருக்குக் கஞ்சி வைத்துவிட்டு, ஆறாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். பிழைத்துக்கொண்டார். தனக்குச் சர்க்கரை இருப்பதே அங்கே போய்த்தான் அவருக்குத் தெரிந்தது.