வாசலில் நிறுத்தப்பட்டவர்கள்

அரசின் நலத்திட்டங்கள் எதற்கு, உறுப்பினர்கள் பணம் போட்டு ஒருவருக்கொருவர் உதவிக்கொண்ட அமெரிக்காவின் சகோதர நலச் சங்கங்கள் செய்யாததையா அரசு செய்துவிட்டது என்று கேட்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். இச்சங்கங்களைப் பற்றிய வரலாற்றாசிரியர் டேவிட் பெய்டோவின் 2000ஆம் ஆண்டு நூல் அவர்களுக்குப் பெரிய துணை. சங்கங்கள் யாரையெல்லாம் விலக்கின என்பதையும் அந்நூல் பேசுகிறது. அதை எடுத்துக்காட்டுவோர் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சங்கங்களின் நன்மையை நான் மறுக்கவில்லை. 1868இல் பென்சில்வேனியாவில் ஜான் அப்சர்ச் என்ற ரயில்வே மெக்கானிக் தொடங்கிய சங்கத்தில், ஓர் உறுப்பினர் இறந்தால் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு டாலர் போட்டு அவர் குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். மூஸ் சங்கம் 1913இல் இல்லினாயில் தன் உறுப்பினர்களின் அநாதைக் குழந்தைகளுக்கென்றே மூஸ்ஹார்ட் என்ற ஊரை எழுப்பியது. இவை சிறிய காரியங்கள் இல்லை.

ஆனால் அப்சர்ச்சின் சங்கத்தில் வெள்ளையர் மட்டுமே சேரலாம். 1883இல் அயோவாவில் தோன்றிய மாடர்ன் உட்மென் சங்கம் இன்னும் கவனமாக ஆள் பொறுக்கியது. ஆரோக்கியம் மிக்கவையாக அது கருதிய 12 மாநிலங்களைச் சேர்ந்த, 18 முதல் 45 வயதுக்கு உட்பட்ட வெள்ளை ஆண்களுக்கே இடம். பெருநகரவாசிகளுக்கு இடமில்லை. ரயில்வே தொழிலாளி, நிலத்தடிச் சுரங்கத் தொழிலாளி, வெடிமருந்து ஆலைத் தொழிலாளி யாருக்கும் இடமில்லை. ரயில்வே பட்டறைக்காரர் ஒருவர் தொடங்கிவைத்த வழியில் வந்த இன்னொரு சங்கம், பதினைந்தே ஆண்டுகளில் ரயில்வேக்காரனை வாசலிலேயே நிறுத்தியது!

சாவுக்குப் பக்கத்தில் நின்றவனுக்கே காப்பு கிடையாது என்றால் அதை எப்படிச் சமூக சேவை என்பது? நிதி திவாலாகாமல் இருக்க வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான். காப்பீட்டுக் கம்பெனியும் இதே கணக்கைத்தான் போடுகிறது. அது தன்னைச் சகோதரத்துவம் என்று சொல்லிக்கொள்வதில்லை. அண்டை வீட்டானுக்குக் கைகொடுத்தோம் என்று பெருமைப்படுகிறவர்களிடம், அந்த அண்டை வீட்டான் சுரங்கத்தில் இறங்குகிறவனாக இருந்தால் என்ன செய்தீர்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

உடனே ரிச்மண்டின் மேகி வாக்கரைக் காட்டுவார்கள். கறுப்பினத்தவரின் செயின்ட் லூக் சங்கத்தை நிமிர்த்தி, 1903இல் வங்கியும் திறந்தவர் அவர். எனக்கு அவர்மேல் பெரும் மரியாதை உண்டு. ஆனால் வெள்ளையர் சங்கங்களின் கதவுகள் அவர் மக்களுக்கு மூடியிருந்தன. அவருடைய சாதனையைக் கதவை மூடியவர்களின் கணக்கில் வரவு வைப்பது அநியாயம்.

இத்தனைக்கும் இச்சங்கங்கள் அரசின் சலுகையைப் பெற்றவை. 1909ஆம் ஆண்டின் அமெரிக்கக் கம்பெனி வரிச் சட்டத்திலேயே இவற்றுக்கு விலக்கு உண்டு. வரிச்சலுகை இன்றும் தொடர்கிறது. அந்தச் சலுகையின் சுமையில் வாசலில் நின்றவனுக்கும் பங்கு இருந்தது. எத்தனை மணி நேரம் தொண்டு செய்தோம் என்று சங்கங்கள் கணக்குச் சொல்கின்றன. எத்தனை விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பினோம் என்பதையும் அதே பக்கத்தில் அச்சிடட்டும்.