நான்கு ஆட்டங்களில் மைசூர்

சதுரங்கக் குதிரை அறுபத்து நான்கு கட்டங்களையும் ஒரே ஒரு முறை மிதித்துச் செல்லும் புதிர்களை அமைப்பதில் வல்லவர் என்று பெயர்பெற்ற மைசூர் மன்னர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் விரும்பிய அந்தப் பலகையில், இரு தரப்புக்கும் பலம் சமம். பிடித்த கட்டம் வரி செலுத்துவதில்லை. இன்று இளைஞர்கள் கணினித் திரையில் ஆடும் யுத்த தந்திர விளையாட்டுகளிலோ, பிடித்த ஒவ்வொரு பிரதேசமும் பொன்னும் தானியமும் படையாளும் தருவதால், ராஜ்யத்தின் விஸ்தீரணமே அதன் பலம் என்னும் அபிப்பிராயம் எளிதில் வேரூன்றிவிடுகிறது. 1767 முதல் 1799 வரை இதே மைசூர் ஆங்கிலக் கம்பெனியோடு ஆடிய நான்கு ஆட்டங்களை வரிசையாக நோக்கினால், அந்த அபிப்பிராயம் பாதியே உண்மை என்பது விளங்கும்.

முதல் ஆட்டம் அப்போது மைசூரை ஆண்ட ஹைதர் அலிக்கு. களத்தில் நேருக்கு நேர் மோதிய இடங்களில் சறுக்கினாலும், 1769-இல் குதிரைப்படையின் வேகத்தால் சென்னைப் பட்டணத்தின் வாசலுக்கே வந்து நின்று, உடன்படிக்கை பெற்றுத் திரும்பினார். பீரங்கியையும் தளவாடத்தையும் விரைந்து இழுக்கும் மாடுகளும் மைசூருக்கு வாய்த்திருந்தன. பின்னாளில் அவர் மகன் திப்பு 'அமிர்த மகால்' என்று பெயரிட்டுப் பேணியது அந்த இனத்தைத்தான்.

இரண்டாவது ஆட்டம் சமன். 1780-இல் பொள்ளிலூரில் கம்பெனித் தளபதி பெய்லியின் சைன்யம் அழிந்தது. ஆற்காட்டுச் சீமை பாழாயிற்று. ஆயினும், 1765-இல் கம்பெனி திவானி என்னும் வரிவசூல் உரிமை பெற்ற வங்காளத்தின் வருமானம் கடல்வழியே சென்னையைத் தாங்கிற்று. பிரெஞ்சுக் கப்பல்கள் துணைக்கு வந்தும் அந்த வழியை அடைக்க இயலாமற்போனதே, 1784 மங்களூர் உடன்படிக்கையில் இரு தரப்பும் பிடித்த இடங்களைத் திருப்பிக் கொடுத்துப் பிரிந்ததற்குப் பெரிய காரணம்.

மூன்றாவது ஆட்டந்தான் நுட்பமானது. 1791 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் எதிரே வந்துவிட்ட கம்பெனிப் படைத்தலைவர் கார்ன்வாலிஸ், மாடுகள் மடிந்து தானியமும் தீர்ந்ததால், தம் பெரிய பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுப் பின்வாங்கினார். மராத்தியரும் நிஜாமும் துணைநிற்க அடுத்த ஆண்டு அவர் மீண்டும் வந்தபோது, ஆட்டம் கைமாறியது. பாராமகால், திண்டுக்கல், மலபார், குடகு உள்ளிட்ட பாதி ராஜ்யமும், மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயும் திப்பு இழந்தார். இரு புதல்வர்கள் பிணையாயினர்.

நான்காவது ஆட்டம் சில மாதங்களுக்குள், 1799 மே 4-இல், முடிந்ததில் வியப்பில்லை; அதன் முடிவின் பெரும்பகுதி 1792-இலேயே எழுதப்பட்டுவிட்டது. நிலத்தை இழப்பவன் அடுத்த படைக்கான செல்வத்தையும் சேர்த்தே இழக்கிறான் என்ற அளவில் விஸ்தீரணக் கணக்கு சரியே. ஆனால் வெற்றியைத் தீர்மானித்தவை, எதிரியின் குதிரை எட்டாத தூரத்தில் விளையும் வருமானமும், அதைக் களம்வரை கொண்டுசேர்க்கும் கப்பலும் மாடுமே. திரையில் நாடுபிடிக்கும் இளைஞர்கள் எல்லைக்கோட்டைவிட, அந்த வழிகளையே முதலில் காக்கக் கற்கவேண்டும்.