பதினான்கு பாடல்களில் ஒரு மார்லி

வெற்றிப் பாடல்களின் தொகுப்பு என்றாலே இசை ரசிகர்கள் பலருக்கு ஓர் இளக்காரம் உண்டு. பாடகர் யோசித்துக் கட்டிய ஆல்பம்தான் அசல், தொகுப்பு என்பது கம்பெனி கல்லா கட்டப் போடுவது என்பார்கள். பாப் மார்லியின் ‘லெஜண்ட்’ இருக்கும்வரை அந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியாது.

மார்லி 1981 மே மாதம், 36 வயதில் புற்றுநோய்க்குப் பலியானார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1984 மே மாதத்தில், ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் இந்தத் தொகுப்பை வெளியிட்டது. தொகுத்தவர் டேவ் ராபின்சன். வெள்ளைக்கார ரசிகர்களில் பலர் மார்லியைக் கலகக்காரராகவே பார்த்து ஒதுங்கி நின்றதை அவர் புரிந்துவைத்திருந்தார். அதனால் காதலையும் ஆறுதலையும் முன்னால் வைத்தார். அட்டையில்கூட யோசனையில் ஆழ்ந்த, சாந்தமான முகம்தான்.

அவருடைய காதுக்குச் சான்று இரண்டாவது பாடல். ‘நோ வுமன், நோ க்ரை’ முதலில் வந்தது 1974இன் ‘நாட்டி ட்ரெட்’ ஆல்பத்தில். அந்த ஸ்டூடியோப் பதிவு சற்று வேகமானது, அவசரமாகக் கடந்துவிடும். ராபின்சன் எடுத்துக்கொண்டது 1975 ஜூலையில் லண்டன் லைசியம் அரங்கில் பதிவான கச்சேரி வடிவத்தை. ஆர்கன் மெல்லத் தொடங்குகிறது. மார்லி வாய் திறப்பதற்கு முன்பே கூட்டம் பல்லவியைப் பாடிவிடுகிறது. ஏழு நிமிடம், எங்கும் அவசரமில்லை. ஜமைக்காவின் ட்ரெஞ்ச் டவுன் குடியிருப்பின் ஏழ்மையைப் பற்றிய பாட்டு ஆயிரம் தொண்டைகளின் பாட்டாகிவிடுகிறது.

தாளத்தைத் தனியாகக் கேட்க வேண்டும். மார்லியின் ரெகே இசையில் ‘ஒன் டிராப்’ என்றொரு அடி உண்டு. நான்கு எண்ணிக்கையில் முதலாவது காலி, மூன்றாவதில்தான் டிரம் விழும். ‘த்ரீ லிட்டில் பேர்ட்ஸ்’ பாடலில் டிரம்மர் கார்ல்டன் பாரெட்டின் கையைக் கவனியுங்கள். அண்ணன் ஆஸ்டன் பாரெட்டின் பேஸ் கிட்டார் அந்த வெற்றிடத்தைச் சுற்றி நடக்கும். ‘எக்ஸோடஸ்’ வரும்போது அதே டிரம் நான்கு எண்ணிக்கையிலும் இடிக்கிறது. ஒரு சனமே நடந்து போவது காதில் விழுகிறது.

பதினோராவதாக ‘ரிடெம்ப்ஷன் சாங்’. பத்துப் பாடல்களாகக் கூடவே வந்த வாத்தியங்கள் மொத்தமும் விலக, ஒரு கிட்டாரும் ஒரு குரலும் மட்டும். கறுப்பின உரிமைத் தலைவர் மார்கஸ் கார்வியின் 1937ஆம் ஆண்டு உரையிலிருந்து கருத்தை எடுத்துக்கொண்ட பாடல் இது. ‘வெயிட்டிங் இன் வெய்ன்’ காதல் பாட்டின் இனிமைக்குப் பிறகு உடனே இதை வைத்தது தொகுத்தவரின் உச்சம் என்பேன்.

ரெகேயில் இதைவிட அதிகம் விற்ற ஆல்பம் கிடையாது. அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் 800 வாரங்களுக்கு மேல் இருந்திருக்கிறது. அந்த வெற்றிக்கு ஒரு விலையும் உண்டு. மார்லி அரசியலை உரக்கப் பேசிய ‘ரஸ்டாமேன் வைப்ரேஷன்’ (1976), ‘சர்வைவல்’ (1979) இரண்டிலிருந்தும் ஒரு பாட்டுகூட இதில் இல்லை. எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசியின் ஐ.நா. உரையைப் பாட்டாக்கிய ‘வார்’ இல்லை. 1980 ஏப்ரலில் ஜிம்பாப்வே விடுதலை பெற்றபோது அந்த மண்ணிலேயே மார்லி நின்று பாடிய ‘ஜிம்பாப்வே’யும் இல்லை. ‘கெட் அப், ஸ்டாண்ட் அப்’ இருக்கிறதே என்று சமாதானம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இது பெரிய இழப்புதான். ‘லெஜண்ட்’ கேட்டு மார்லியைப் பிடித்துப்போனவர்கள் அடுத்துக் கையில் எடுக்க வேண்டியது ‘சர்வைவல்’. அதே பாரெட் சகோதரர்கள், அதே குரல், இம்முறை கோபத்தோடு.