கல்யாணக் கேசட்டை யார் மாற்றுவது?

பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூரிலும் சுற்றுவட்டாரத்திலும் பல வீடுகளின் பீரோ மேல்தட்டில் கருப்பு வி.எச்.எஸ். கேசட்டுகள் இன்னும் கிடக்கின்றன. கல்யாணம், காதுகுத்து, தேர்த் திருவிழா எல்லாம் அதில்தான். ஓட்டிப் பார்க்கும் டெக் (வி.சி.ஆர்.) பெரும்பாலும் இல்லை. டெக் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பழைய நாடாக்களை 2025-ஐ ஒட்டிய காலத்துக்குள் மாற்றாவிட்டால் இழக்க நேரும் என்று 2019-இல் யுனெஸ்கோ எச்சரிக்கை முயற்சி ஒன்றைத் தொடங்கியபோது, நாடா கெடுவதைப் போலவே அதை ஓட்டும் கருவி இல்லாமல் போவதும் பெரிய கவலையாக இருந்தது. எனவே மாற்றியாக வேண்டும். வீட்டிலேயே டிவிடி வட்டில் ஏற்றிக்கொள்வதா, ஸ்டுடியோவில் கொடுப்பதா என்பதே கேள்வி.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். டிவிடிக்கு மாற்றினால் படம் தெளிவாகிவிடும் என்பது தவறு. வி.எச்.எஸ். நாடாவின் கிடைமட்டத் தெளிவு ஏறக்குறைய 240 கோடுகள்தான். டிவிடியின் சட்டகமோ 720-க்கு 576 புள்ளிகள். பாத்திரம் பெரிது, உள்ளிருப்பது கொஞ்சம். அதிலும் நம் கல்யாணக் கேசட்டுகளில் பெரும்பாலானவை அசல் அல்ல. ஸ்டுடியோக்காரர் மிக்சிங்கில் இதய வடிவமும் பூவும் விரிய வைத்து, நாதஸ்வரத்தை அமுக்கிச் சினிமாப் பாட்டை ஏற்றி, அதிலிருந்து பிரதி எடுத்துக் கொடுத்தது. ஒவ்வொரு பிரதியிலும் வண்ணம் வழிந்தது, விளிம்பு மங்கியது. போனதை எந்தக் கருவியும் திருப்பித் தராது. இருப்பதை மேலும் இழக்காமல் எடுப்பதே இலக்கு.

அந்த இழப்பு நேரக்கூடிய முதல் இடம் டெக். கணினியில் செருகும் கேப்சர் கருவி எதை வாங்கலாம் என்று அலைகிறவர்கள், நாடாவைப் படிக்கும் டெக்கின் ஹெட் அழுக்காக இருப்பதைக் கவனிப்பதில்லை. படத்தில் மழை பெய்வதற்கும் குறுக்கே கோடு ஓடுவதற்கும் பெரும்பாலும் ஹெட்டும் டிராக்கிங்கும்தான் காரணம். பழைய நாடாவின் ஓட்டம் சீராக இருக்காது. மலிவான கேப்சர் கருவி அந்தத் தடுமாற்றத்தில் சில படங்களைத் தவறவிடும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் வாயசைவு ஒன்று, சத்தம் ஒன்று என்றிருக்கும். நாடாவின் நேரப் பிசகைச் சரிசெய்யும் கருவி வைத்திருக்கும் ஸ்டுடியோ இங்கே வீட்டை வெல்லும். அது இல்லாத ஸ்டுடியோவும் வீட்டில் இருக்கும் அதே டெக்கையும் அதே கருவியையும்தான் வைத்திருக்கிறது. கொடுக்குமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது இடம் சுருக்கம். ஒரு சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. இரண்டு மணி நேரம் பதிந்தால் நொடிக்குச் சுமார் 5.2 மெகாபிட் கிடைக்கும். மூன்று மணி நேரக் கேசட்டை ஒரே வட்டில் திணித்தால் அது 3.5-க்கு இறங்கும். நல்ல படத்துக்கு இது போதலாம், பழைய நாடாவுக்குப் போதாது. நாடாவின் புள்ளி இரைச்சல் ஒவ்வொரு படத்திலும் இடம் மாறுவதால், சுருக்கும் முறை அதையும் அசைவு என்றே எடுத்துக்கொண்டு இடத்தைச் செலவழிக்கிறது. மணப்பெண்ணின் முகத்துக்கு மிச்சம் கிடைப்பது சதுரக் கட்டங்கள். வட்டுச் செலவை மிச்சப்படுத்த ஒரே வட்டில் முடித்துக்கொடுக்கும் கடையும் தவறு செய்கிறது, டிவிடி ரெக்கார்டரில் நீள நேர முறையை அழுத்திவிட்டுப் போகும் வீட்டுக்காரரும் தவறு செய்கிறார்.

அரும்பாவூருக்கென்று தனியாக ஓர் அளவுகோலும் உண்டு. இவ்வூர் மரச்சிற்பம் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது. சாமி வாகனமோ தேர்ச் சிற்பமோ செதுக்கும் கை எந்தக் கேசட்டிலாவது பதிவாகியிருந்தால், அதன் மதிப்பு குடும்ப நினைவோடு நிற்பதில்லை. முடிந்த சிற்பத்தைப் புகைப்படம் காட்டும். உளி எந்தச் சாய்வில் இறங்குகிறது, சுத்தியல் எந்த வேகத்தில் விழுகிறது என்பதை அசையும் படம்தான் காட்டும். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 25 முழுப்படங்கள் உண்டு, ஒவ்வொன்றும் இரண்டு அரைப்படங்களால் ஆனது. ஆக 50 அசைவுத் தருணங்கள். கைப்பேசிக்கு ஏற்ற கோப்பாக்குவதாகச் சொல்லி 25 ஆக்கிவிட்டால் அசைவில் பாதி போய்விடும். மேடையில் வரிசையாக நின்று மொய் கொடுக்கிற காட்சிக்கு அது பெரிய நட்டமில்லை. உளிக்கு நட்டம்தான். அத்தகைய கேசட்டை அரைப்படங்களைக் கலக்காமல் அப்படியே பதிந்துவைக்க வேண்டும்.

இதுவரை தராசு ஏறக்குறைய சமமாகவே நிற்கிறது. வீட்டின் பக்கம் அதைச் சாய்ப்பது, பலரும் குறையாகச் சொல்லும் ஒன்றுதான். மூன்று மணி நேரக் கேசட்டை மாற்ற மூன்று மணி நேரம் ஆகும், வேகமாக ஓட்ட வழியில்லை. கடைக்கு அது வெறும் செலவு. கேசட்டைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். வீட்டில் அந்த மூன்று மணி நேரமும் அத்தையும் பெரியப்பாவும் திரைமுன் உட்கார்ந்து, பந்தியில் பரிமாறுகிறவர் யார், தாலிக்கு முன் நிற்கும் சிறுமி யார் மகள் என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். நேரத்தோடு அதைக் குறித்துக்கொண்டால், முகங்களுக்குப் பெயர் கிடைக்கிறது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் எந்த ஸ்டுடியோவும் செய்துதர முடியாத வேலை அது. சொல்லத் தெரிந்தவர்களின் வயதைப் பார்த்தால், நாடாவைவிட அவர்களுக்கே அவசரம் அதிகம்.

வட்டைப் பற்றித் தயக்கமில்லாமல் சொல்லலாம்: சேமிப்பிடமாக அது தேறவில்லை. நாமே பதியும் டிவிடியில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப்படலம். வெயிலும் சூடும் அதை மங்கச் செய்யும், பெரம்பலூர்க் கோடையோ இரண்டையும் தாராளமாகத் தருகிறது. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டுப் போடும் இடமே கிடையாது. டெக் போன வழியில் டிவிடி பிளேயரும் போய்க்கொண்டிருக்கிறது. மாறாக, நொடிக்கு 8 மெகாபிட் வீதம் கோப்பாகப் பதிந்தால் மணிக்கு 3.6 ஜிபி ஆகும். மூன்று மணி நேரக் கேசட்டுகள் 90-ஐ ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க் ஏற்கும்.

ஆகவே தீர்ப்பு இது. ஓடுகிற டெக்கும் பூசணம் பிடிக்காத கேசட்டும் இருந்தால் வீட்டிலேயே மாற்றுங்கள். முதல் செலவு டெக்கைச் சுத்தம் செய்வதற்கு. கோப்பாகப் பதிந்து, இரண்டு ஹார்டு டிஸ்கில், இரண்டு வீட்டில் வையுங்கள். கேட்கும் உறவினருக்கு வேண்டுமானால் டிவிடி போட்டுக் கொடுக்கலாம். பூசணம் பிடித்ததையும் அறுந்ததையும் டெக்கில் போடாதீர்கள். அந்தப் பூசணம் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டையும் கெடுக்கும். அவற்றையும் உளி பதிந்த கேசட்டையும் நல்ல கருவி உள்ள ஸ்டுடியோவிடம் கொடுங்கள், பெயர் குறிக்கும் வேலையை மட்டும் வீட்டில் செய்யுங்கள். மாற்றி முடித்த பிறகும் பழைய கேசட்டை எறியாதீர்கள். முதல் பதிவில் பிழை இருந்தால், திரும்ப எடுக்க அது ஒன்றுதான் வழி.