ஆறாம் இடத்துக்கு ஒரு கிண்ணம்

2021 நவம்பர் 30 இரவு புக்கிட் ஜாலில் தேசிய அரங்கத்தில் கோலாலம்பூர் சிட்டி அணி ஜொகூர் டாருல் தக்சிமை 2–0 என்று வீழ்த்தி மலேசியக் கிண்ணத்தை எடுத்தது. இரண்டாம் பாதியில் சாஃப்ரி யாஹ்யா ஒரு கோல், சில நிமிடங்களில் பாவ்லோ ஜோசுவே இன்னொன்று. தலைநகருக்கு அந்தக் கிண்ணம் கடைசியாகக் கிடைத்தது 1989-இல். அந்நகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதிக் கடைகளில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள். அந்த ஆண்டு சூப்பர் லீக் பட்டியலில் கோலாலம்பூர் பிடித்திருந்தது ஆறாம் இடம். ஜொகூரோ லீக் வெற்றியாளர்.

பருவம் முழுக்க ஓடி முதலிடம் பிடித்த அணியைத் தள்ளிவிட்டு, கடைசிச் சில வாரங்களில் நன்றாக ஆடிய அணியின் கையில் நாட்டின் மிகப் பழைய கிண்ணத்தைக் கொடுப்பது நியாயமா? லீக் முடிந்த பிறகு தனியாக ஒரு வெற்றியாளர் போட்டி நடத்தும் முறை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இந்தக் கேள்வி எழும். நியாயம்தான் என்பது என் கருத்து. ஆனால் லீக்கில் பிடித்த இடத்துக்குக் கிண்ணப் போட்டிக்குள் ஒரு மதிப்பு இருக்க வேண்டும். மலேசியக் கிண்ணம் அந்த மதிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிட்டது. என் மனக்குறை அதுதான்.

1921 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் எச்எம்எஸ் மலாயா என்ற போர்க்கப்பல் இந்தக் கரைகளுக்கு வந்தது. அது நின்ற துறைமுகங்களில் ஒன்று போர்ட் சுவெட்டன்ஹாம், இன்றைய கிள்ளான் துறைமுகம். கப்பல்காரர்கள் உள்ளூர் அணிகளோடு பந்து விளையாடிவிட்டுப் போய், சில மாதங்களில் நன்றி சொல்லி இரண்டு கிண்ணங்களை அனுப்பினார்கள். ஒன்று காற்பந்துக்கு, ஒன்று ரக்பிக்கு. அந்த ஆண்டே கோலாலம்பூரில் நடந்த முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் சிலாங்கூரை 2–1 என்று வென்றது. மலாயாக் கிண்ணமாக இருந்தது 1967-இல் மலேசியக் கிண்ணம் ஆனது. சிலாங்கூர் இதுவரை 33 முறை வென்றிருக்கிறது, சிங்கப்பூர் 24 முறை. கிள்ளான் பள்ளத்தாக்கில் பிறந்தவனுக்குச் சிலாங்கூரின் சிவப்பு–மஞ்சள் சட்டை வீட்டுச் சொத்து மாதிரி.

இந்தக் கதையில் நம்மவர்கள் ஓரமாக நின்றவர்கள் அல்லர். எழுபதுகளில் சிலாங்கூரின் கோல் கம்பங்களுக்கு நடுவே ஆர். ஆறுமுகம் நின்றார். நீண்ட கைகளால் பந்தைப் பறித்ததால் அவருக்கு ஸ்பைடர்மேன் என்று பெயர். தற்காப்பில் எம். சந்திரன், முன்வரிசையில் கே. ராஜகோபால். இந்த ராஜகோபால்தான் பின்னாளில் பயிற்றுநராக 2010-இல் தேசிய அணிக்குத் தென்கிழக்காசிய வெற்றியாளர் பட்டத்தை வாங்கித் தந்தார். ஆறுமுகம் 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது முப்பத்தைந்து. வேலைக்குப் போய்க்கொண்டே பந்து விளையாடிய அந்தத் தலைமுறைக்கு லீக் என்ற ஒன்றே நெடுநாள் இல்லை. கிண்ணம்தான் பருவம்.

லீக் வந்தது 1979-இல். அது எதற்காக வந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். லீக் வெற்றியாளருக்கென்று அப்போது ஒரு கிண்ணமே கிடையாது. மலேசியக் கிண்ணத்துக்கு யார் தகுதி பெறுகிறார்கள் என்று பார்க்கத்தான் லீக். எல்லா மாநிலங்களும் மோதி, பட்டியலில் முதல் நான்கு அணிகள் மட்டும் அரையிறுதிக்குப் போகும். லீக் வெற்றியாளருக்குத் தனிக் கிண்ணம் 1982-இல்தான் வந்தது.

நான்கே அணிகள் என்ற அந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். ஐந்தாம் இடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் இடையே ஒரு பள்ளம் இருந்ததால், பருவத்தின் நடுவில் ஏதோ ஒரு மழைநாளில் விட்ட ஒரு புள்ளிகூடக் கணக்கில் வந்தது. அதே சமயம் அதன் கொடுமையும் தெரிகிறது. 1979 முதல் 1981 வரை மூன்று ஆண்டும் இறுதியாட்டம் சிலாங்கூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையேதான். அந்த இரண்டு அணிகளுக்கும் அது பொற்காலம். கதவு அத்தனை குறுகலாக இருந்தால் சிறிய மாநிலங்களின் இரசிகனுக்கு ஆண்டின் பாதியிலேயே வேலை முடிந்துவிடும். அவன் ஏன் மறுபடி திடலுக்கு வர வேண்டும்?

என் பார்வையில் மிகச் சரியான அளவு 1989-இல் வந்த அரைத்தொழில்முறை லீக்கில் கிடைத்தது. முதல் பிரிவில் மேலே உள்ள ஆறு அணிகள், இரண்டாம் பிரிவிலிருந்து இரண்டு, ஆக எட்டு அணிகள் கிண்ணத்துக்குள். பெரியவர்களுக்குப் பயம் இருந்தது, சின்னவர்களுக்கு வழியும் இருந்தது. அந்த முதல் ஆண்டிலேயே லீக்கைச் சிலாங்கூர் எடுக்க, கிண்ணத்தைக் கோலாலம்பூர் எடுத்தது. 1987, 88, 89 என்று மூன்று ஆண்டும் இறுதியாட்டத்தில் கோலாலம்பூரிடம் தோற்ற கெடா, அடுத்த ஆண்டே முதன்முறையாகக் கிண்ணத்தைத் தூக்கியது. ஒரு போட்டி உயிரோடு இருப்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பிறகு பணமும் சூதும் வந்தன. 1994 டிசம்பர் 17-இல் அந்த ஆண்டுதான் திறக்கப்பட்ட ஷா ஆலாம் அரங்கத்தில் சிங்கப்பூர் பகாங்கை 4–0 என்று நொறுக்கியது. அப்பாஸ் சாட் மூன்று கோல் போட்டார். சிங்கப்பூர் அப்போது லீக்கிலும் வெற்றியாளர். சில வாரங்களில், டிக்கெட் வசூலைப் பங்கு போடுவதில் மலேசியக் காற்பந்து சங்கத்தோடு தகராறு முற்றி, சிங்கப்பூர் வெளியேறிவிட்டது. அதே காலத்தில் ஆட்ட நிர்ணய ஊழலில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் விசாரிக்கப்பட்டார்கள். அரங்கம் நிறைந்தது கிண்ணப் போட்டியின் பலம். அந்த வசூலைப் பகிரத் தெரியாதது அதை நடத்தியவர்களின் பலவீனம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, போட்டி முறையே கெட்டது என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை.

லீக் ஆட்டத்துக்கும் கிண்ண ஆட்டத்துக்கும் ஒரு குணவேறுபாடு உண்டு. லீக் நீண்டது. காயம், மழை, நடுவரின் தவறு எல்லாமே இருபது வாரங்களில் சமமாகிவிடும். ஆகவே ஆழமான அணி, அதாவது பணம் உள்ள அணி, மேலே வரும். 2014 முதல் 2024–25 பருவம் வரை தொடர்ந்து பதினோரு முறை சூப்பர் லீக்கை வென்றது ஜொகூர் டாருல் தக்சிம். அவர்களுடைய திட்டமிடலைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் ஏப்ரலிலேயே முடிவு தெரிந்த லீக்கை ஒரு நாடு எத்தனை ஆண்டு பார்த்துக்கொண்டிருக்கும்?

அந்த ஆண்டுகளில் நம்மைக் காப்பாற்றியது கிண்ணம்தான். 2014-இல் பகாங் பெனால்டியில் ஜொகூரையே வென்றது. 2015-இல் சிலாங்கூர், 2016-இல் கெடா, 2018-இல் பேராக், 2021-இல் கோலாலம்பூர். 2020-இல் பெருந்தொற்றால் போட்டி ரத்தானது. நடந்த ஏழு போட்டிகளில் லீக்கின் அரசன் ஜொகூருக்குக் கிடைத்தது இரண்டே முறை, 2017-இலும் 2019-இலும். 2015-இல் ஷா ஆலாமில் கெடாவை 2–0 என்று வென்று சிலாங்கூர் 33-ஆவது கிண்ணத்தை எடுத்தபோது, லீக்கில் அதற்குக் கிடைக்காத ஒரு நீதி கிடைத்ததாகவே இங்குள்ளவர்கள் உணர்ந்தார்கள். ஒரு நாள், ஒரு திடல், பதினொருவருக்குப் பதினொருவர் என்றால் பணப்பையின் கனம் குறைகிறது.

ஆனால் ஓர் உண்மையையும் சொல்ல வேண்டும். 2021-இல் சூப்பர் லீக்கின் 12 அணிகளில் 11 அணிகள் கிண்ணத்துக்குள் போயின. ஒரே ஓர் அணி மட்டும் வெளியே! அதைத் தகுதிச் சுற்று என்று யார் சொல்வார்கள்? 1979-இன் விதி இருந்திருந்தால் ஆறாம் இடத்துக் கோலாலம்பூர் உள்ளே வந்திருக்கவே முடியாது. 1989-இன் விதி இருந்திருந்தால் கடைசி ஆளாக, கதவு மூடும் நேரத்தில் நுழைந்திருக்கும். அப்படி நுழைந்து வென்றிருந்தால் அந்த வெற்றியின் எடை இன்னும் கூடியிருக்கும் என்று நினைக்கிறேன். 2023-இல் இரண்டாம் பிரிவான பிரீமியர் லீக் நிறுத்தப்பட்டு, சூப்பர் லீக்கின் எல்லா அணிகளும் கிண்ணத்துக்குள் வந்துவிட்டன. இப்போது லீக்கில் எட்டாவது வருவதற்கும் பதினொன்றாவது வருவதற்கும் இரசிகனுக்கு என்ன வித்தியாசம்?

எல்லாரையும் உள்ளே விடுவதே தவறு என்று இதற்குப் பொருளில்லை. அமெரிக்காவின் கல்லூரி ஐஸ் ஹாக்கியில் ஈசிஏசி என்ற பழைய கூட்டமைப்பு இருக்கிறது. கார்னெல், ஹார்வர்ட், யேல் போன்ற 12 அணிகள். அவர்களும் லீக் முடிந்ததும் ஒரு போட்டி நடத்துகிறார்கள். லீக்கில் முதலிடத்துக்கு ஒரு கிண்ணம், கடைசிப் போட்டியில் வெல்பவருக்கு வேறு ஒரு கிண்ணம். தேசிய வெற்றியாளர் போட்டிக்கு நேரடி நுழைவு இரண்டாவது கிண்ணத்துக்குத்தான். 12 அணிகளும் உள்ளே. ஆனால் முதல் நான்கு இடத்தவருக்கு முதல் சுற்று ஆட வேண்டியதில்லை. ஐந்து முதல் எட்டு வரை உள்ளவர்கள் முதல் சுற்றைச் சொந்தத் திடலில் ஆடுவார்கள். காலிறுதியும் பட்டியலில் மேலே இருப்பவரின் ஊரில்தான். அரையிறுதியும் இறுதியாட்டமும் நியூயார்க் மாநிலத்தின் லேக் பிளாசிட் என்ற பொது இடத்தில். ஆக ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. 2025-இல் லீக்கில் ஆறாம் இடத்தில் நின்ற கார்னெல் அந்தக் கிண்ணத்தை எடுத்தது. கோலாலம்பூரின் கதையேதான். ஆனால் கார்னெல் மூன்றாம் இடத்தவரின் ஊருக்கே போய் அவர்களை வென்றுவிட்டு வர வேண்டியிருந்தது. வழியில் அதற்கான விலையைக் கொடுத்துவிட்டது.

இங்கே என்ன நடக்கிறது? இறுதியாட்டம் தவிர மற்ற சுற்றுகள் எல்லாம் உள்ளூர், வெளியூர் என்று இரண்டு ஆட்டம். பார்க்க நியாயமாகத் தோன்றும். உண்மையில் இது இரண்டு பக்கமும் கெடுக்கிறது. லீக்கில் மேலே வந்தவருக்குச் சலுகை ஒன்றும் இல்லை. இருவருக்கும் ஒவ்வொரு சொந்தத் திடல். கீழே உள்ளவருக்கோ அதிர்ஷ்டத்தின் கதவும் பாதி மூடிவிடுகிறது. ஒரு நாள் ஜொகூரைத் தடுத்து நிறுத்தும் அணி, சில நாள் கழித்து ஜொகூருக்கே போய் மறுபடியும் அதே வேலையைச் செய்ய வேண்டும். முதல் ஆட்டத்தில் தொண்ணூறு நிமிடம் ஓடி ஓய்ந்த நடுவரிசைக்கு மாற்று ஆள் இல்லாத அணி அது. எதிரணியின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் வேறு அணியில் முதல் பதினொன்றில் ஆடக்கூடியவன். இரண்டு ஆட்டம் என்பது சின்ன லீக்தான், லீக்கில் யார் வெல்வார் என்று தெரியும். 2022, 2023, 2024–25 மூன்று முறையும் ஜொகூரே கிண்ணத்தையும் எடுத்தது எனக்கு வியப்பாக இல்லை.

கிண்ணம் தகுதி இல்லாதவருக்குப் போகிறது என்று சொல்பவர்களுக்குக் கோலாலம்பூரின் அடுத்த ஆண்டே பதில். மலேசியக் கிண்ணத்தை வென்றதால்தான் அந்த அணிக்கு ஆசியக் கழகங்களுக்கான 2022 ஏஎஃப்சி கிண்ணப் போட்டியில் இடம் கிடைத்தது. மக்காசாரின் பிஎஸ்எம் அணியை 5–2 என்று வென்றார்கள். கொல்கத்தாவுக்கே போய் ஏடிகே மோகன் பகானை 3–1 என்று வென்றார்கள். அக்டோபரில் புக்கிட் ஜாலிலில் நடந்த இறுதியாட்டத்தில்தான் ஓமானின் அல் சீப் அணியிடம் 0–3 என்று தோற்றார்கள். லீக்கில் ஆறாவது என்ற எண் அந்த அணியைப் பற்றி முழு உண்மையைச் சொல்லவில்லை. கடைசிப் போட்டி சொன்ன உண்மையும் ஓர் உண்மை.

இதற்கெல்லாம் அடியில் இன்னொரு காயம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் இறுதியாட்டத்தில் ஜொகூரிடம் 1–2 என்று தோற்ற ஸ்ரீ பகாங், சில மாதங்களுக்குள் லீக்கிலிருந்தே விலகிவிட்டது. பேராக்கும் விலகியது. நாட்டின் பெருமைமிக்க கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் நின்ற அணி அடுத்த பருவத்தில் இல்லை. சம்பள பாக்கி, ஆதரவாளர் இல்லாத கணக்கு என்று காரணங்கள் நீளும். போட்டி முறையை மட்டும் மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. ஆனால் இரசிகனைத் திடலுக்கு இழுக்கும் ஆட்டங்கள் கூடினால் வசூலும் கூடும்.

என் யோசனை இது. எல்லா அணிகளையும் உள்ளே விடுவதானால் விடுங்கள். இரண்டு ஆட்டத்தைக் கைவிட்டு, அரையிறுதி வரை ஒவ்வொரு சுற்றையும் ஒரே ஆட்டமாக, லீக்கில் மேலே வந்தவரின் திடலில் நடத்துங்கள். அப்போது லீக்கின் கடைசி வாரத்திலும் ஐந்தாம் இடத்துக்கும் ஆறாம் இடத்துக்கும் நடக்கும் சண்டைக்கு அர்த்தம் வரும். ஆட்டம் சொந்த ஊரில் நடக்குமா, வெளியூரில் நடக்குமா என்பதை அந்தச் சண்டையே தீர்மானிக்கும். ஜொகூரை வீழ்த்த நினைக்கும் அணிக்குத் தேவை ஒரே ஒரு நல்ல இரவு. இதனால் சிறிய அணிக்குச் சொந்தத் திடல் வசூல் போய்விடும் என்பது நியாயமான எதிர்வாதம். அதற்கு ஒவ்வொரு கிண்ண ஆட்டத்தின் டிக்கெட் வசூலையும் வந்த அணிக்கும் இருந்த அணிக்கும் சரிபாதியாகப் பிரித்து, அந்தக் கணக்கை மறுநாளே வெளியிட வேண்டும். 1995-இல் செய்யத் தவறிய வேலை அது. சங்கமும் லீக் நிர்வாகமும் அதை முதலில் எழுத்தில் வைத்துவிட்டு, பிறகு அட்டவணையைப் போடட்டும்.